பந்து சுடுது சார்: சின்னப் பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லித்தருவது பற்றி

"சார், பந்து சுடுது சார்."

சொன்னது நாலாம் வகுப்புப் பிள்ளை. காலை எட்டு மணி, பந்து அதுவரை வேப்பமர நிழலில்தான் கிடந்தது, சுடுவதற்கு வழியே இல்லை. அவள் கையை நீட்டிக் காட்டிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. மணிக்கட்டுக்கு மேலே உள்பக்கத் தோல் செக்கச்செவேலென்று கன்றிப்போயிருந்தது. மறுபடியும் ஒரு பந்து போட்டேன். பந்து என் கையைவிட்டுக் கிளம்பும்போதே கண்ணை இறுக மூடிக்கொண்டாள், இடுப்பு பின்னால் போனது, சேர்த்துப் பிடித்திருந்த கைகள் கடைசி நேரத்தில் பிரிந்தன, பந்து தோளில் பட்டு எங்கேயோ ஓடியது. "கண்ணைத் திறந்து பாரும்மா" என்றேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தப்பு அவள் கண்ணில் இல்லை, நான் கொண்டுபோன பந்தில்.

ஊர் டீமில் பத்துப் பதினைந்து வருஷம் ஆடியவன் என்ற தைரியத்தில், பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லித்தருகிறேன் என்று ஒத்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு பிள்ளைகள், இரண்டு பந்து, பெரியவர்கள் ஆடும் அதே நெட். இரண்டே வாரத்தில் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

சர்வதேச விதிப்படி வாலிபால் பந்தின் எடை 260 முதல் 280 கிராம், சுற்றளவு 65 முதல் 67 சென்டிமீட்டர். பெரியவர் கைக்கு இது ஒன்றுமே இல்லை. எட்டு வயதுப் பிள்ளையின் எடை தோராயமாக 25 கிலோ என்று வையுங்கள், உயரம் 125 சென்டிமீட்டர். அந்த உடம்புக்கு 270 கிராம் எப்படியோ, அதே விகிதத்தில் 70 கிலோ ஆளுக்கு முக்கால் கிலோ பந்து வரும். ஆண்கள் ஆடும் பேஸ்கட்பாலே 650 கிராமைத் தாண்டாது. அதாவது, பேஸ்கட்பாலைவிடக் கனமான ஒன்றைத் தூக்கி எறிந்து, இரண்டு கையையும் சேர்த்து நீட்டி வாங்கு, கண்ணை மூடாதே, கையை வீசாதே என்று நம்மிடம் யாராவது சொன்னால் எப்படி இருக்கும்? நெட்டும் அப்படித்தான். பெண்கள் நெட் 2.24 மீட்டர், ஆண்களுக்கு 2.43. குறைந்ததையே எடுத்துக்கொண்டாலும் 125 சென்டிமீட்டர் பிள்ளைக்கு அது எவ்வளவு உயரமோ, ஐந்தே முக்கால் அடி உயரமுள்ள ஒருவருக்கு அந்தக் கணக்கில் மூன்று மீட்டரைத் தாண்டும். பேஸ்கட்பால் வளையம் தொங்கும் உயரம் அது. உடம்பு இப்படி நேர்கோட்டு விகிதத்தில் வேலை செய்வதில்லை என்று உடற்கூறு படித்தவர்கள் சண்டைக்கு வரலாம். வரட்டும், ஆனால் விஷயம் புரிகிறது இல்லையா?

இதில் வேடிக்கை என்னவென்றால், வாலிபால் என்ற ஆட்டமே பந்து கனமாக இருக்கிறது என்ற புகாரில் பிறந்ததுதான். 1895ல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஹோலியோக் என்ற ஊரின் ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சிப் பொறுப்பில் இருந்தவர் வில்லியம் மார்கன். பேஸ்கட்பால் வந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது, ஓடி முட்டி மோதி ஆடும் அந்த ஆட்டம் அவரிடம் வந்த நடுவயது வியாபாரிகளுக்குத் தாங்கவில்லை. டென்னிஸ் நெட்டை உயர்த்திக் கட்டி, கையால் தட்டி ஆடப் பார்த்தார். பேஸ்கட்பாலையே எடுத்தார், கைக்குக் கனம். சரி என்று அதன் உள்ளே இருக்கும் ரப்பர் பிளாடரை மட்டும் எடுத்தார், அது ரொம்ப லேசு, மெதுவாக மிதந்தது. கடைசியில் விளையாட்டுச் சாமான் செய்யும் ஸ்பால்டிங் கம்பெனியிடம் சொல்லி இரண்டுக்கும் நடுவில் ஒரு பந்து செய்ய வைத்தார். அன்று அவர் வைத்த நெட்டின் உயரம் ஆறரை அடி, அதாவது 1.98 மீட்டர். இன்று ஜப்பானில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் போட்டி நெட் 2 மீட்டர். மீசை வைத்த வியாபாரிகளுக்கு மார்கன் கட்டியதும் பத்து வயது ஜப்பான் பிள்ளைக்கு இன்று கட்டுவதும் கிட்டத்தட்ட ஒரே உயரம். நாம் மட்டும் எட்டு வயதுப் பிள்ளையை ஆசிய விளையாட்டுப் போட்டி நெட்டுக்குக் கீழே நிறுத்திவிட்டு, "கை போதவில்லை" என்று சலித்துக்கொள்கிறோம்.

மார்கன் "மெதுவாகப் போகிறது" என்று தள்ளி வைத்தாரே அந்த பிளாடர், அதுதான் சின்னப் பிள்ளைக்கு வேண்டியது. காரணம் வாலிபாலுக்கே உரிய ஒரு சிக்கல். கால்பந்தில் பந்தைக் காலடியில் நிறுத்திவிட்டு யோசிக்கலாம், பேஸ்கட்பாலில் கையில் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்க்கலாம், கிரிக்கெட்டில் பிடித்த பந்தை நிதானமாகவே திருப்பி எறியலாம். வாலிபாலில் பந்தைப் பிடித்தாலே தப்பு. பந்து கையில் தங்குவது கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. எங்கே விழும் என்று கணிப்பது, அங்கே போய்ச் சேர்வது, முட்டியை மடக்கி நிற்பது, எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்வது, எல்லாமே பந்து காற்றில் இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். பழகினவனுக்கு இது தானாக நடக்கும். புதுப் பிள்ளை ஒவ்வொன்றையும் தனித்தனியாக யோசித்துச் செய்கிறது, அதற்குள் பந்து தரையில் கிடக்கிறது. மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழும் வாலிபாலுக்குத் தரையைத் தொட முக்கால் விநாடி சொச்சம் போதும். பலூன் அதே உயரத்திலிருந்து இறங்க இரண்டு விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. காற்று ஒரு பந்தைத் தடுக்கும் விசை அதன் பருமனையும் வேகத்தையும் பொறுத்தது, எடையை அது பார்ப்பதில்லை. ஆனால் அதே தடை லேசான பொருளை அதிகமாக மெதுவாக்கிவிடும். ஒரே அளவுள்ள இரண்டு பந்தில் லேசானது பிந்தி வருவது இதனால்தான். எனவே லேசான பந்து பிள்ளைக்கு இரண்டைக் கொடுக்கிறது. ஒன்று நேரம், இன்னொன்று பயமின்மை. இரண்டாவதை நான் முதலில் குறைத்து மதிப்பிட்டேன். கை வலிக்கும் என்று தெரிந்த உடம்பு, மூளை என்ன சொன்னாலும் கண்ணை மூடும், பின்னால் சாயும். அந்தப் பின்சாய்வோடு ஆயிரம் பந்து எடுத்தால் ஆயிரம் தடவை தப்பாகப் பழகியது போல ஆகிவிடும். பெரியவனான பிறகு அதைத் திருத்துவது எவ்வளவு கஷ்டம் என்று எந்தப் பயிற்சியாளரைக் கேட்டாலும் சொல்வார்.

இது ஒன்றும் நமக்குப் புதுசு இல்லை. ஏழு வயதுப் பையன் கையில் லெதர் பந்தைக் கொடுத்து கிரிக்கெட் பழகச் சொல்கிற வீடு உண்டா? பிளாஸ்டிக் பந்து, ரப்பர் பந்து, டென்னிஸ் பந்து என்று படிப்படியாகத்தான் தெருவே ஏறுகிறது, யாரும் உட்கார்ந்து பாடத்திட்டம் போடவில்லை. கிணற்றில் நீச்சல் பழகும்போது முதுகில் சுரைக்குடுக்கை கட்டினார்கள், பிற்காலத்தில் காலி பிளாஸ்டிக் கேன். டென்னிஸ்காரர்கள் இதை விதியாகவே ஆக்கிவிட்டார்கள். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று மூன்று நிலைப் பந்துகளை வைத்திருக்கிறது, வழக்கமான மஞ்சள் பந்தைவிட முறையே 75, 50, 25 சதவீதம் அளவுக்கு மெதுவானவை. 2012 முதல் பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் மஞ்சள் பந்தையே பயன்படுத்தக் கூடாது. வாலிபாலில் மட்டும் ஏனோ நம் ஊரில் "கஷ்டப்பட்டாத்தான் வரும்" என்ற பிடிவாதம் ஒட்டிக்கொண்டது. நானும் அப்படிச் சொல்லி வளர்ந்தவன்தான்.

வாலிபாலிலும் வெளியே பல நாடுகள் இதை எப்போதோ செய்துவிட்டன, ஆனால் எல்லோரும் ஒரே வழியில் போகவில்லை. ஜப்பானில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் போட்டிப் பந்து சின்னதும் லேசானதும்: சுற்றளவு 63 சென்டிமீட்டர் அளவில், எடை 210 கிராம் அளவில். மைதானமும் 18க்கு 9 மீட்டர் கிடையாது, 16க்கு 8. அமெரிக்காவில் 12 வயதுக்கு உட்பட்டோருக்கு அளவு மாறாமல் எடை மட்டும் குறைந்த பந்து, சுமார் 200 முதல் 225 கிராம். ஜப்பானிலேயே சாஃப்ட் வாலிபால் என்று இன்னொரு ஆட்டம் உண்டு. ரப்பர் பந்து, எடை அதே 210 கிராம் அளவில், ஆனால் சுற்றளவு 78 சென்டிமீட்டர். பேட்மிண்டன் கோர்ட்டில், 2 மீட்டர் நெட்டில், பக்கத்துக்கு நாலு பேர் ஆடுவது, தாத்தா பாட்டி முதல் பேரன் பேத்தி வரை சேர்ந்து ஆடலாம்.

எது நல்லது? நான் பார்த்தவரை, அது எந்தத் திறமையைச் சொல்லித்தருகிறோம் என்பதைப் பொறுத்தது. கீழ்க்கையில் வாங்கும் அண்டர்ஹேண்ட் பாஸுக்குப் பெரிய பந்து தோதாக இருக்கிறது, கையில் படும் இடம் அதிகம், கண்ணுக்கும் தெளிவாகத் தெரியும். ஆனால் விரலால் தலைக்கு மேல் தள்ளும் ஃபிங்கர் பாஸுக்கு அதே பெரிய பந்தைக் கொடுத்தால் கெட்டது கதை. 78 சென்டிமீட்டர் சுற்றளவு என்றால் விட்டம் 25 சென்டிமீட்டர் வரும், எட்டு வயது விரல்கள் அதைச் சுற்றி நிற்பதற்காக இரண்டு பக்கமும் அகன்று போகும், பெருவிரல்கள் முன்னால் நீட்டிக்கொள்ளும், பந்தைத் தள்ளுவதற்குப் பதில் உள்ளங்கையால் அறைவார்கள். அந்த ஒரு வேலைக்கு ஜப்பான்காரர்கள் சொல்கிற சின்னப் பந்துதான் சரி.

பந்தை மாற்றாமல் விதியை மாற்றியும் இதே நேரத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம், அதில் கெட்டிக்காரர்கள் நெதர்லாந்துக்காரர்கள். அங்கே ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை பிள்ளைகளுக்கு ஆறு படிகளாக ஓர் ஏணி போட்டார்கள். முதல் படியில் அடிப்பதே கிடையாது, நெட்டுக்கு மேலே எறிவது, எதிர்ப்பக்கம் பிடிப்பது, அவ்வளவுதான். எறிந்ததும் இடம் மாறிச் சுற்ற வேண்டும், அதனால் யாரும் மூலையில் மரம் மாதிரி நிற்க முடியாது. மேலே போகப் போக, பிடிக்கும் சலுகையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறார்கள். முதல் தொடுதலை அண்டர்ஹேண்டில் எடு, அடுத்தவள் அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்பது போல. கடைசிப் படியில் பிடிப்பது போய்விட்டிருக்கும், பிள்ளைகள் ஆடுவது நிஜ வாலிபாலாகவே இருக்கும்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நெட்டுக்கு மேலே எறி, பிடி. இதை நம் பள்ளிக்கூடங்களில் பெண்பிள்ளைகள் காலங்காலமாக ஆடுகிறார்கள், எறிபந்து என்று பெயர், த்ரோபால் என்றால் இன்னும் எல்லோருக்கும் தெரியும். ஏணியின் முதல் படி நம் கையிலேயே இருந்தது, நாம்தான் அதைத் தனி ஆட்டமாக்கி வேறு மூலையில் வைத்துவிட்டு, வாலிபாலை நேராக ஆறாம் படியிலிருந்து ஆரம்பித்தோம். எறிபந்து ஆடுகிற பிள்ளைக்கு நெட்டைத் தாண்டி வரும் பந்து எங்கே விழும் என்று ஏற்கெனவே தெரியும், வாலிபாலில் பாதி வேலை அதுதான். சென்னையில் 1920லேயே ஹாரி பக் என்பவர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார், மார்கனும் ஒய்.எம்.சி.ஏ.காரர், இவ்வளவு கிட்டத்து உறவு இருந்தும் எறிபந்துக்கும் வாலிபாலுக்கும் நடுவில் ஒரு படிக்கட்டு கட்டாமல் விட்டது ஆச்சரியம்தான்.

சரி, நம் ஊரில் என்ன செய்யலாம்? தொடக்கப் பள்ளிக்குத் தனியாக பி.டி. சார் கிடைப்பதே அபூர்வம், பெரும்பாலும் வகுப்பு டீச்சரே எல்லாம். பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா என்ற அரசுத் திட்டத்தில் விளையாட்டுச் சாமான்களுக்காகத் தொடக்கப் பள்ளிக்கு வருஷத்துக்கு 5,000 ரூபாய் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். போட்டித் தரத்தில் நாலைந்து பந்து வாங்கினால் அது தீர்ந்தது. அதனால் நான் கடைக்குப் போகாமல் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் பலூன். கொஞ்சம் பெரியதாக ஊதி, பழைய பருத்தித் துணியில் ஆரஞ்சுச் சுளை மாதிரி ஆறு துண்டு வெட்டித் தைத்த உறைக்குள் போட்டால் ஒரு பந்து ஆகிவிடும். உறை போட்டதும் எடை கொஞ்சம் கூடி நேராகப் போகிறது, வெறும் பலூன் மாதிரி காற்றடித்தால் பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடுவதில்லை. உடைந்தால் உள்ளே வேறு பலூன், அவ்வளவுதான் செலவு. அடுத்தது திருவிழாக் கடையில் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் பந்து. மூன்றாவது ஸ்பாஞ்ச் பந்து, கடைசியாகத்தான் நிஜப் பந்து. பந்து மலிவானதில் இன்னொரு லாபம், எண்ணிக்கை. இருபத்தாறு பேர் இரண்டு வரிசையில் நின்று இரண்டு பந்துக்குக் காத்திருந்த காலத்தில் ஒரு பிள்ளை காலை முழுக்க பந்தைத் தொட்டது பத்துப் பதினைந்து தடவை இருக்கும். ஆளுக்கொரு பலூன் கொடுத்த அன்று ஐந்தே நிமிஷத்தில் அதைத் தாண்டிவிட்டார்கள்.

ஒரு தப்பான குறுக்கு வழியையும் சொல்லிவிடுகிறேன், நானே செய்தது. நிஜப் பந்தில் பாதிக் காற்றை இறக்கிவிட்டால் லேசாகிவிடும் என்று நினைத்தேன். ஆகாது. உள்ளே இருக்கும் காற்றின் எடையே சில கிராம்தான், பந்தின் கனம் தோலிலும் ரப்பரிலும் இருக்கிறது. காற்று இறங்கிய பந்து கையில் பட்டால் கொஞ்சம் குறைவாக வலிக்கும், உண்மை. ஆனால் எழும்பாது. எழும்பாத பந்தை எழுப்புவதற்காகப் பிள்ளை கையைத் தலைவரை வீச ஆரம்பிக்கும், அண்டர்ஹேண்ட் பாஸில் எதைச் செய்யக் கூடாதோ சரியாக அதை.

நெட்டுக்கு ஒரு கயிறு போதும், பழைய சேலைத் துணியைக் கிழித்து ரிப்பன் ரிப்பனாகத் தொங்கவிட்டால் கண்ணுக்கும் தெரியும். நம் கிரவுண்டில் வாலிபால் கம்பங்கள் இருக்கும், ஆனால் கொக்கி மேலேயே வெல்டிங் செய்திருக்கும், கீழே இறக்க வழி இருக்காது. கயிற்றைக் கம்பத்தில் சுற்றிக் கட்டிவிட்டால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. இன்னொரு யோசனை, கயிற்றைச் சாய்வாகக் கட்டுவது. ஒரு முனை ஒன்றரை மீட்டர், மறுமுனை 2 மீட்டர். உயரம் தாண்டும் பயிற்சிக்காக மஸ்கா மாஸ்டன் என்ற உடற்கல்வியாளர் சொன்ன உத்தி இது, நெட்டுக்கும் அழகாகப் பொருந்துகிறது. குட்டையான பிள்ளை தாழ்ந்த பக்கம் நிற்கும், தைரியம் வந்ததும் யாரும் சொல்லாமலே இரண்டடி நகர்ந்து உயர்ந்த பக்கம் போகும். எந்தப் பிள்ளை எந்த அளவில் இருக்கிறது என்று நான் நோட்டுப் போட்டு எழுதவே வேண்டாம், நிற்கிற இடமே சொல்லிவிடும்.

மைதானக் கணக்கும் பாருங்கள். 18 மீட்டர் நீளக் கோர்ட்டில் நெட்டைக் குறுக்கே கட்டாமல் நீளவாக்கில் நடுவே ஒரே கயிறாகக் கட்டினால், இரண்டு பக்கமும் நாலரை மீட்டர் ஆழம் கிடைக்கும். அதை நாலரை மீட்டருக்கு ஒரு கோடு போட்டுப் பிரித்தால் நாலு குட்டிக் கோர்ட். பக்கத்துக்கு நாலு பேர் என்றால் ஒரே நேரத்தில் 32 பேர் ஆடலாம், 12 பேர் ஆடி மீதிப் பேர் கைதட்டிக்கொண்டிருந்த இடத்தில். கயிறு நடுவில் தொய்யும், 18 மீட்டருக்கு இழுத்துக் கட்டுவது லேசில்லை, நடுவில் ஒரு மூங்கில் முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆனால் லேசான பந்தை நம்பி அங்கேயே உட்கார்ந்துவிடுவதிலும் ஆபத்து இருக்கிறது. பலூன் ரொம்ப மெதுவு, இரண்டு மூன்று வகுப்புக்குப் பிறகு பிள்ளைகள் காலை நகர்த்துவதையே விட்டுவிடுகிறார்கள், அது எப்படியும் நம்மிடம் வரும் என்று நின்ற இடத்தில் நிற்கிறார்கள். லேசான பந்து தூரம் போகாது என்பதால் ஓங்கி அடிக்கும் பழக்கமும் வரும். சுரைக்குடுக்கையை எப்போது அவிழ்ப்பது என்று தெரிந்தவர்தான் நீச்சல் சொல்லித்தர முடியும். என் அடையாளம் இதுதான்: பந்து வருவதற்கு முன்பே பிள்ளை விழும் இடத்தில் போய் நின்று காத்திருக்கிறது என்றால், பத்துக்கு ஏழெட்டுத் தடவை பந்து அது நினைத்த பக்கம் போகிறது என்றால், அடுத்த பந்துக்கு மாற்றிவிடலாம். வயதை வைத்து மாற்றக் கூடாது. மூன்றாம் வகுப்பில் ஸ்பாஞ்சைத் தாண்டியவளும் உண்டு, ஐந்தாம் வகுப்பில் பிளாஸ்டிக் பந்திலேயே நின்றவனும் உண்டு, அதில் கேலிக்கு இடமே வைக்காமல் நாலு வகைப் பந்தையும் ஒரே சாக்கில் போட்டு வைத்து, வேண்டியதை எடுத்துக்கொள் என்று விட்டுவிட்டேன். மாற்றிய முதல் வாரம் எல்லாமே குலையும், பந்து சீக்கிரம் வரும், கை நேரத்துக்குச் சேராது. பயப்பட வேண்டியதில்லை, கால் சரியாகப் போகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும், கை இரண்டாம் வாரம் வந்து சேர்ந்துகொள்ளும்.

பந்து சுடுது என்றாளே, அவள் இப்போது ஐந்தாம் வகுப்பு. போன மாசம் சாக்கிலிருந்து நிஜப் பந்தை அவளாகவே எடுத்தாள். நான் மெதுவாகப் போட்டேன். முதல் இரண்டு பந்தும் பக்கவாட்டில் தெறித்தன, மூன்றாவது நேராக எழும்பி என் தலைக்கு மேலே வந்தது. கை வலிக்கிறதா என்று கேட்டேன். "வலிக்குது சார், இன்னொண்ணு போடுங்க" என்றாள். கண் திறந்துதான் இருந்தது.